விழாத பூக்கள்

பிப்ரவரி 4, திங்கள்

முதல் பூ இன்று திறந்தது. நாங்கள் திண்டுக்கல்லில் இருந்தோம். சாயங்காலம் ஜீப்பை விட்டு இறங்கி நேராகத் தோட்டத்துக்குப் போனேன். வாடித் தொங்கிக்கொண்டிருந்தது. வெனிலாப் பூவுக்கு ஆயுள் ஒரு காலைப்பொழுதுதான். விடியும்போது திறக்கும், உச்சிவெயில் ஏறுவதற்குள் மூடிக்கொள்ளும். அதற்குள் யாராவது கையால் ஆணையும் பெண்ணையும் சேர்த்து வைத்தால் காய். இல்லையென்றால் மறுநாள் தரையில் கிடக்கும்.

போன வருஷம் வரை இந்த வேலையை என் மனைவி ஒச்சம்மாள்தான் பார்த்தாள். எனக்குக் காப்பி, மிளகு, கூலியாட்களோடு சண்டை. அவளுக்கு வெனிலா. இந்த வருஷம் அவளால் தோட்டத்து மேடு ஏற முடியாது. சிறுநீரகம் இரண்டும் ஓய்ந்துவிட்டன. திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் மலையிறங்கிப் போய், மிஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வருகிறோம். வருகிறோம் என்று எழுதிவிட்டேன். ஊசி குத்திக்கொண்டு படுப்பது அவள் மட்டும்தான்.

உரக்கடையில் கொடுத்த டைரி இது. மழையும் மருந்தடிப்பும் தவிர வேறெதுவும் எழுதுவதில்லை என்று இருந்தேன்.

பிப்ரவரி 5, செவ்வாய்

ஒரு பூவைப் பறித்து வந்து அவள் மடியில் வைத்துக் கற்றுக்கொண்டேன். எலுமிச்சை முள்தான் கருவி.

“நெஞ்ச லேசாக் கீறுங்க. உள்ள ஒரு தோலு, திரை போட்ட மாதிரி நிக்கும். அத மேல தூக்கிவிட்டு பெருவெரலால ஒரு அமுக்கு. அம்புட்டுத்தான்.”

“என் வெரலு முருங்கக்காய் கணக்கா இருக்கு. இதுல எங்க அமுக்க?”

“மம்பட்டி புடிக்கிற மாதிரி புடிச்சா அப்பிடித்தான்.”

தோட்டத்தில் போய்ப் பாதியைக் கிழித்துவிட்டேன். மீதி தேறியிருக்கும் என்று நினைக்கிறேன். நாளைக் காலையில் தெரியும். சேர்ந்த பூ கொத்திலேயே நிற்கும், சேராதது விழுந்துவிடும்.

கிளம்பும்போது ஒன்று சொன்னாள். “கொத்துல பாதிக்கு மேல தொடாதீங்க. பெறகு வர்ற பூவ விட்டுருங்க.” என் முதுகுவலியை நினைத்துச் சொல்கிறாள். அவளும் இப்படித்தான். எட்டு மணிக்கெல்லாம் எத்தனையோ பூவை அப்படியே விட்டுவிட்டு இறங்கி வருவாள். சோறாக்க என்ன அவசரம் என்று கத்துவேன். பதில் சொல்ல மாட்டாள்.

பிப்ரவரி 8, வெள்ளி

விடிவதற்கு முன்பே டார்ச்சோடு ஏறிவிட்டேன். திறக்கத் திறக்கச் சேர்த்தேன். ஒன்றையும் விடவில்லை. ஜீப்காரர் துரைப்பாண்டி ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார், இருக்கட்டும் என்று முடித்துவிட்டுத்தான் இறங்கினேன்.

ஆஸ்பத்திரியில் இன்று ஊசி முதல் குத்திலேயே ஏறியது. வழக்கமாக மூன்று நான்கு தரம் குத்துவார்கள். திரும்பும்போது ஜீப்பில் அவள் தூங்கிக்கொண்டு வந்தாள். முகத்தில் கொஞ்சம் களை இருந்தது.

பிப்ரவரி 9, சனி

நேற்றுச் சேர்த்ததில் ஒன்றுகூட விழவில்லை.

பிப்ரவரி 13, புதன்

பாறைக்குப் பின்னால் கல்யாண முருங்கையில் ஏறியிருக்கும் கொடியை மறந்துவிட்டேன். அங்கே ஒரு கொத்து திறந்திருந்திருக்கிறது. மிஷினில் இருக்கும்போது அவளுக்கு பிரஷர் இறங்கி மயக்கம் வந்துவிட்டது. நர்ஸுகள் ஓடிவந்து கால்மாட்டைத் தூக்கிப் பிடித்தார்கள். என்னை வெளியே நிற்கச் சொன்னார்கள்.

இரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. எனக்குத் தெரியாதா என்ன. நான் கோயிலுக்குப் போனால் பிரகாரத்து நிழலுக்காகப் போகிறவன்.

பிப்ரவரி 14, வியாழன்

பாறைக்குப் பின்னால் போக நடைபாதை வெட்டினேன். முள்ளெல்லாம் அடித்துச் சுத்தம். இனி அந்தப் பக்கத்துக் கொடி தப்பாது.

பிப்ரவரி 24, ஞாயிறு

ஒன்றும் விழவில்லை.

மார்ச் 5, செவ்வாய்

பத்து நாளைக்கு முன் பெய்த மழைக்குக் காப்பி முழுக்கப் பூத்துவிட்டது. மலைச்சரிவே வெள்ளை. தேனீக்களின் இரைச்சல் வீடு வரைக்கும் கேட்கிறது. காப்பிக்கு ஒரு மழை போதும், மிளகுக்குத் தூறல் போதும், தண்ணீரே மகரந்தத்தைச் சரத்தின் மேலிருந்து கீழே இறக்கிவிடும். யாரும் முள்ளைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டியதில்லை.

ஒரு தேனீ வெனிலாப் பூவுக்கும் வந்தது. உள்ளே நுழைந்தது, திரைக்கு முன்னால் கொஞ்சம் தடுமாறியது, வெளியே வந்து காப்பிக்கே போய்விட்டது. எங்கள் ஊர்த் தேனீக்கு அந்தத் தாழ்ப்பாள் பழக்கமில்லை. கடல் தாண்டி எங்கிருந்தோ வந்த கொடி. கப்பலில் கொடியை ஏற்றியவர்கள் அதற்கான தேனீயை ஏற்றவில்லை. அதனால் அறுபது தாண்டிய வயதில் சிவனாண்டியாகிய நான் தேனீயாகியிருக்கிறேன்.

இதை ஒச்சம்மாளிடம் சொன்னேன். சிரிப்பாள் என்று பார்த்தேன். “கொட்டாம இருந்தாச் சரி” என்றாள்.

மார்ச் 12, செவ்வாய்

தினமும் நான் மேட்டிலிருந்து இறங்கியதும் கேட்கிறாள், “எம்புட்டு விழுந்துச்சு?” என்று. இன்றும் கேட்டாள்.

“ஒண்ணுகூட இல்ல” என்றேன்.

“ஒண்ணுகூடவா?”

“ஒண்ணுகூட.”

சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். இத்தனை வருஷம் அவள் பார்த்த வேலையை நான் அவளைவிட நன்றாகச் செய்கிறேன் என்பது பிடிக்கவில்லை போலிருக்கிறது. எனக்கும் கோபம் வந்தது. சோறு எடுத்துப் போட்டேன், பேசவில்லை.

மார்ச் 22, வெள்ளி

இடது கையில் ஊசி போடுவதற்காக ஆபரேஷன் செய்து வைத்திருந்த ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது. தற்காலிகமாகக் கழுத்தில் குழாய் போட்டுவிட்டார்கள். வலது கையில் புதிதாக ஆபரேஷன் செய்ய வேண்டும். சின்ன வயது டாக்டர், நல்ல பையன். “செஞ்சிரலாமாம்மா?” என்று அவளிடம்தான் கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். நான் செய்துவிடலாம் என்றேன்.

காலையில் பனியால் பூக்கள் தாமதமாகத் திறந்தன. முடித்துவிட்டுத்தான் கிளம்பினேன். துரைப்பாண்டி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

மார்ச் 27, புதன்

வலது கை ஆபரேஷன் முடிந்தது. இப்போது இரண்டு கையாலும் கனமாக எதையும் தூக்கக் கூடாது. தலை நான் வாரிவிடுகிறேன். சிக்கெடுக்கத் தெரியவில்லை. இழுத்துவிட்டேன் போல, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. “வலிக்குதா?” என்றால் “இல்ல” என்கிறாள்.

ஏப்ரல் 7, ஞாயிறு

துரைப்பாண்டியைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போய்க் காட்டினேன். ஒவ்வொரு கொத்திலும் காய்கள் சீப்பு சீப்பாகத் தொங்குகின்றன. இந்த மலையில் எவன் தோட்டத்திலும் இப்படி இல்லை.

“என்னண்ணே இது, கல்யாண வீட்டு வாசல்ல வாழத்தாரு கட்டுன மாதிரி. கொடி தாங்குமா?”

“தாங்காம என்ன? எரு போட்டிருக்கேன், தண்ணி விடுறேன்.”

“அதுக்கில்லண்ணே. பாத்தா பாவமா இருக்கு.”

பாவமாம். ஜீப் ஓட்டுகிறவருக்குக் கொடியைப் பற்றி என்ன தெரியும்.

ஏப்ரல் 21, ஞாயிறு

திருப்பூரிலிருந்து மகள் வினோதினி வந்துவிட்டுப் போனாள். அம்மாவும் மகளும் கதவைச் சாத்திக்கொண்டு ரொம்ப நேரம் பேசினார்கள். பஸ் ஏற்றிவிடப் போகும்போது வழியில் நின்றுவிட்டாள்.

“அப்பா, அம்மா ஏதாச்சும் சொல்லுச்சா உங்கட்ட?”

“என்ன சொல்லணும்?”

“சொல்லலையா?”

“தல வலிக்குதுங்கும், கால் வலிக்குதுங்கும். வேறென்ன?”

என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, “நீங்க கேட்டாத்தானப்பா சொல்லும்” என்றாள். பஸ் வந்துவிட்டது. புழுக்கம் அதிகம், மழை வரும் போலிருக்கிறது.

மே 14, செவ்வாய்

கடைசிப் பூ. பாறைக்குப் பின்னால் இருக்கும் கொடியில்தான். சேர்த்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். திண்டுக்கல் போன நாளிலும் சரி, போகாத நாளிலும் சரி, முதல் நாட்களையும் அந்த ஒரு கொத்தையும் தவிர எந்தப் பூவையும் கைவிடவில்லை. மனிதனால் முடிந்ததைச் செய்தாயிற்று. அவளும் இருக்கிறாள்.

இலைகளில் கொஞ்சம் மஞ்சள் தட்டுகிறது. வெயில்தான் காரணம். நிழலுக்கு ஓலை கட்ட வேண்டும்.

மே 21, செவ்வாய்

மஞ்சள் அதிகமாகிவிட்டதால் தோட்டக்கலை ஆபீசுக்குச் சொல்லி அனுப்பியிருந்தேன். தில்ஷாத் என்று ஒரு மேடம் வந்தார். காய்களைப் பார்த்து அசந்துபோவார் என்று நினைத்தேன். அவர் குனிந்து தண்டின் அடியை அமுக்கிப் பார்த்தார்.

“ஐயா, எல்லாப் பூவையும் சேத்துட்டீங்களா?”

“ஒண்ணு விடல” என்றேன், பெருமையாகவே.

அவர் கையைத் துடைத்துக்கொண்டார். பிறகு பாறையில் உட்கார்ந்து சொன்னார்.

“இது சொந்தக் காட்டுல இருந்தா, நூறு பூ பூத்தா ஒண்ணு காயாகுறதே அபூர்வம். அங்க ஏதோ ஒரு காட்டுத் தேனீதான் வரணும், அதுவும் எப்பவாச்சும்தான் வரும். வருமோ வராதோங்கிறதால கொடி நெறையப் பூ விட்டுப் பழகிருச்சு. லட்சக்கணக்கான வருஷப் பழக்கம். முக்காவாசிக்கு மேல விழுந்துரும்னு கணக்குப் பண்ணித்தான் அம்புட்டும் பூக்குது.”

“அப்ப விழாமப் பாத்துக்கிட்டது தப்பா?”

“மாமரத்தப் பாருங்க, தாங்காத அளவு பிஞ்சு புடிச்சா அதுவே உதுத்துரும். இதுக்கு அந்தப் பழக்கம் சரியா வரல. காய் ஜாஸ்தியாகுற நெலமையே அங்க வந்ததில்ல, அதனால வேணாங்கிறதுக்குக் கத்துக்கவே இல்ல. நீங்க குடுத்தா வாங்கிக்கும். எல்லாத்தையும் சொமக்கும். தனக்கு வச்சிருக்கிறதையும் எடுத்துக் காய்க்குக் குடுத்துரும். பெறகு ஒரு மழ விழுந்தாப் போதும், அடி அழுகிரும்.”

என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன்.

“பாதிக்கு மேல வெட்டிருங்க. இன்னைக்கே ஆரம்பிங்க ஐயா.”

அவர் போனபிறகு கத்தியை எடுத்துக்கொண்டு போனேன். பாறைக்கொடியில் ஒரு கொத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எந்தக் காய் எந்த நாளுடையது என்று எப்படித் தெரியும்? ஊசி முதல் குத்தில் ஏறிய வெள்ளிக்கிழமைக் காய் இதில் இருந்தால்? வெட்டவில்லை, இறங்கி வந்துவிட்டேன்.

மே 22, புதன்

திண்டுக்கல் போய் வந்தோம். கத்தியைத் தொடவில்லை.

ஜூன் 9, ஞாயிறு

இரண்டு நாளாக மழை. ஓடை நிறைந்துவிட்டது. மிளகுக்கு நல்லது.

ஜூன் 18, செவ்வாய்

கிழக்கு வரிசையில் கொடிகளின் அடித்தண்டு கறுத்துக் கொழகொழவென்று ஆகிவிட்டது. இலைகள் சுருங்கித் தோலாகத் தொங்குகின்றன. காய்கள் மட்டும் பச்சையாக, கொழுகொழுவென்று இருக்கின்றன. அந்தக் காய்களைப் பார்க்கவே எரிச்சலாக வருகிறது. மத்தியானம் சாப்பிடவில்லை.

ஜூன் 19, புதன்

இன்று மிஷினில் அவளுக்குக் கால்கள் இரண்டும் இழுத்துக்கொண்டன. பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். பக்கத்துக் கட்டில்காரர் கத்துகிறார், திட்டுகிறார், பாதியில் நிறுத்தச் சொல்லிச் சண்டை போடுகிறார். இவள் ஒரு வார்த்தை பேச மாட்டாள். நர்ஸ் என்னிடம், “உங்க வீட்டம்மா மாதிரி எல்லாரும் இருந்தா எங்களுக்கு வேலையே இல்ல” என்றார். நான் பெருமைப்பட்டேன்.

ஜூலை 6, சனி

கடைசியில் வெட்டினேன். நாள் முழுக்க வெட்டினேன். பாதி, முக்கால் என்று பார்க்கவில்லை. முற்றாத காய் எதற்கும் உதவாது, வாசமும் இருக்காது. குழியில் கொட்டி மூடினேன். பாறைக்கொடியின் அடியைச் சுரண்டிப் பார்த்தேன், உள்ளேயும் கறுப்பு. காலம் கடந்துவிட்டது. ஒரு கொடிகூடத் தப்பும் என்று தோன்றவில்லை. நிஜத் தேனீயாக இருந்தால் இவ்வளவு சேதம் செய்திருக்காது.

ஜூலை 7, ஞாயிறு

அவளிடம் சொல்லிவிட்டேன். இதுவரை தோட்டம் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். கட்டில் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டேன், முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

“எல்லாக் கொடியும் போச்சு ஒச்சு.”

“தெரியும். ஒண்ணும் விழலன்னு சொன்னீங்கள்ல, அன்னைக்கே தெரியும்.”

“சொல்லிருக்கலாம்ல?”

“மொத நாளே சொன்னேனே, பாதிக்கு மேல தொடாதீங்கன்னு.”

“என் முதுகுக்காகச் சொல்றன்னு நெனச்சேன்.”

அவள் சிரித்துவிட்டாள். மாசக்கணக்காகக் கேட்காத சிரிப்பு. இருமல் வந்து, மூச்சு வாங்கி, அடங்கிய பிறகு என் தலையில் கை வைத்தாள்.

“உங்க முதுகுக்கு என்ன கேடு. கொடிக்குத்தாங்க சொன்னேன். அது வாயத் தெறந்து வேணாங்காது. கை வைக்கிறவகதான் பாத்து நிறுத்தணும்.”

கொடியைப் பற்றித்தான் சொன்னாள். நான் எழுந்து போய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டினேன்.

ஜூலை 29, திங்கள்

திரும்பி வரும்போது, மூன்றாவது வளைவில், கண்ணை மூடியபடியே சொன்னாள்.

“ஏங்க. இத்தோட போதும்ங்க. இனி கூட்டிட்டுப் போக வேணாம்.”

துரைப்பாண்டி கண்ணாடியில் என்னைப் பார்த்தார். நான் கத்திவிட்டேன். என்ன பேச்சு பேசுகிறாய், ஒரு வருஷமாக நான் நாயாக அலைவது எதற்கு, நீ போய்விட்டால் நான் யார் முகத்தில் விழிப்பது என்று என்னென்னவோ. அவள் மறுபடி வாயைத் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்து, கையை ஊன்றி ஊன்றி உள்ளே போய்ப் படுத்தாள்.

களைப்பில் பேசியிருப்பாள்.

ஜூலை 31, புதன்

இன்று வரமாட்டேன் என்று அடம்பிடிப்பாள், சண்டை போட்டாவது கூட்டிப்போக வேண்டும் என்று தயாராக இருந்தேன். நான் வீட்டைப் பூட்டிக்கொண்டு வருவதற்குள் அவளே போய் ஜீப்பில் உட்கார்ந்திருந்தாள். துரைப்பாண்டி கை கொடுத்து ஏற்றியிருக்கிறார். முந்தானையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சண்டை போட்டிருக்கலாம். அது எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். பூட்டை இழுத்துப் பார்க்கிற சாக்கில் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். நானாக ஜீப் கதவைத் திறந்து இறக்கிவிடுகிற வரைக்கும் இவள் ஏறிக்கொண்டேதான் இருப்பாள்.

ஆகஸ்ட் 2, வெள்ளி

டாக்டரைத் தனியாகப் பிடித்து, வராமல் இருந்துவிட்டால் எத்தனை நாள் என்று கேட்டேன். அவர் நாற்காலியை இழுத்துப்போட்டு என்னை உட்காரச் சொன்னார். அவர் சொன்ன நாட்களுக்கு இரண்டு கை விரல் போதும். வலி தெரியாமல் இருக்க மருந்து எழுதித் தருவதாகச் சொன்னார். “அம்மா என்ன சொல்றாங்க?” என்றார்.

“சொல்லிட்டா” என்றேன். ஆஸ்பத்திரி மாடிப்படியில் நின்று அழுதேன். யாரோ ஒரு அம்மாள், “என்னய்யா, யாருக்கு?” என்று கேட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு படியிறங்கிவிட்டேன்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

வினோதினிக்கு போன் செய்தேன். அவள் முன்பே அறிந்திருக்கிறாள். சித்திரையிலேயே அம்மா அவளிடம் போதும் என்று சொல்லிவிட்டாளாம். “உங்களுக்காகத்தாம்பா அம்மா இம்புட்டு நாளும் போச்சு” என்றாள். நாளை மத்தியானத்துக்குள் வந்துவிடுவாள்.

ஆகஸ்ட் 5, திங்கள்

ஏழு மணிக்கு ஜீப் வந்தது. அவள் வழக்கம்போல எனக்கு முன்னால் போய் ஏறி உட்கார்ந்துவிட்டாள். நான் அந்தப் பக்கமாகச் சுற்றிப் போய்க் கதவைத் திறந்தேன்.

“எறங்கு ஒச்சு.”

“எதுக்கு? நேரமாகுது.”

“போகல. எறங்கு.”

என் முகத்தையே பார்த்தாள். “நெசமாவா?” என்றாள்.

“நெசமாத்தான்.”

கையை நீட்டினாள். பிடித்து இறக்கினேன். ஒன்றும் கனமில்லை. துரைப்பாண்டி, “என்னண்ணே, மேலுக்கு முடியலையா? மத்தியானமா வரட்டா?” என்றார். இனி வர வேண்டாம் என்றேன். அவருக்குப் புரியக் கொஞ்ச நேரமானது. புரிந்ததும் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைப் பொத்திக்கொண்டார். பிறகு ஜீப்பைப் பின்னால் எடுத்துத் திருப்பிக்கொண்டு போனார்.

அவள் அடுப்படியில் போய் உட்கார்ந்தாள். தண்ணீர் கேட்டாள். மிஷினுக்குப் போகத் தொடங்கிய நாளிலிருந்து அவளுக்குத் தண்ணீர் அளவுதான். நான் டம்ளரில் கோடு போட்டு வைத்து, மருந்து மாதிரி ஊற்றித் தருவேன். நாக்கு வறண்டு கிடந்தாலும் கோட்டுக்கு மேல் கேட்டதில்லை. இன்று குடத்திலிருந்து செம்பு நிறைய மோந்து கொடுத்தேன். இரண்டு கையாலும் பிடித்து, மூச்சு விடாமல் குடித்தாள். தாடையில் வழிந்து ரவிக்கை நனைந்தது. செம்பைக் கீழே வைக்காமல் என்னிடம் நீட்டினாள்.

“இன்னும் கொஞ்சம்” என்றாள்.

மோந்து கொடுத்தேன்.